எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை. லயத்துக்கு என்ன கேட்கிறோம்?

காலநிலை மாநாடு, வலுசக்தி ஒப்பந்தம் என்றாலே கொழும்பில் இருப்பவர்களின் விவகாரம் என்று மலையகத்தில் பலரும் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இந்த நாட்டின் வலுசக்தி இராஜதந்திரத்தில் பெரும்பகுதி எங்கள் மலைகளை வைத்தே நடந்திருக்கிறது. விக்டோரியா அணைக்கு பிரித்தானியாவும் கொத்மலைக்கு சுவீடனும் உதவின. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் எழுந்தது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திறந்துவைத்த உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டப்பட்டபோது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதையும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே ஈரானுக்குச் செலுத்த வேண்டியிருந்த சுமார் 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பது என 2021 டிசம்பரில் உடன்பாடு எட்டப்பட்டது. டொலர் இல்லாத நாட்டுக்கு அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே சொல்வேன். ஆயினும் அந்தத் தேயிலைக்குக் கொழுந்து பறித்தவர், மழை நாளில் தராசடியில் நின்று, ஈரக் கழிவு என்று சில கிலோ வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

இனி காலநிலைக்கு வருவோம். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளர்முக நாடுகளுக்கு உதவும் ‘இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியம்’ 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023இல் துபாய் மாநாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2035ஆம் ஆண்டளவில் வளர்முக நாடுகளுக்கு ஆண்டுதோறும் 300 பில்லியன் டொலர் என்று 2024இல் அசர்பைஜானின் பாகு மாநாட்டில் இலக்கு வைத்தார்கள். இத்தகைய நிதியில் பெரும்பங்கு கடனாகவே வருவதுதான் வழக்கம். 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு, மாசுபடுத்தியவர்களிடமே மீண்டும் கடன்படுவதை நிவாரணம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நன்கொடையாகவே கேட்க வேண்டும்.

கேட்பதற்கான ஆதாரம் எங்கள் கண்முன்னே கிடக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. மலை சரியும் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது, மாறிப்போகக் காணிதான் இருக்கவில்லை. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் காலநிலை மாநாடு முடிந்த சில நாட்களிலேயே டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைச் சரித்துப்போட்டது. இன்றும் மழை வலுத்தால் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பாடசாலைக்கோ போய்ப் படுத்துவிட்டு, வெயில் அடித்ததும் வெடித்த சுவருள்ள அதே லயக் காம்பராவுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காம்பராவும் அவர்களுக்குச் சொந்தமில்லை. காணியும் அதற்கான உறுதிப்பத்திரமும் இல்லாதவருக்கு எதை இழப்பென்று எழுதுவார்கள்? (நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பேச்சில் இந்தக் கேள்வி எப்போதோ எழுந்துவிட்டது.)

ஆகவே, நிதியத்துக்கு இலங்கை அனுப்பும் கோரிக்கைகளில், மண்சரிவு அபாய வலயத்திலுள்ள லயங்களைக் காணி உறுதியோடு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது தனி விடயமாக இடம்பெற வேண்டும். இந்தியாவுடன் திருகோணமலை சம்பூர் சூரிய மின்சாரம் பற்றியும் மின்கட்டமைப்பு இணைப்பு பற்றியும் பேசும் மேசையிலும் இதை வைக்கலாம். மலையகத்தில் வீடு கட்டித்தரும் நாடும் அதுதானே. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த மாநாட்டுக்குப் பெட்டி கட்டுமுன், எந்தெந்தத் தோட்டங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போகிறார்கள் என்பதை வெளியிடட்டும்.