சரிவோரத்தில் அஸ்திவாரம்: அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

"மண் கெட்டியாக இருந்தால், சரிவின் விளிம்பிலும் சமதளத்து அஸ்திவாரமே போதும்" என்று டர்பனில் நம் குடும்பக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது சரியில்லை. அடியில் இருக்கும் மண் மட்டும் பாரத்தைத் தாங்குவதில்லை. பக்கத்து மண்ணும் முட்டுக்கொடுக்க வேண்டும். சரிவுப் பக்கம் அந்த முட்டு குறைவு, அதனால் மண் எளிதாகப் பிதுங்கிவிடும். மண் பொறியியல் அறிஞர் மேயர்ஹாஃப் 1957இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். விளிம்பிலிருந்து தள்ளிக் கட்டினால் தாங்குதிறன் கூடும். அதிலும் நம் டர்பன் பகுதியின் 'பெரியா' (Berea) எனப்படும் செம்மணல் காய்ந்தால் கெட்டியாகத் தெரியும், நனைந்தால் வலுவிழக்கும். 2022 ஏப்ரல் மழையில் சரிவுகள் இடிந்து வீடுகள் போனதை எப்படி மறப்பது?

எஸ்ஏஎன்எஸ் (SANS) 10400 என்ற தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரத்தின் அஸ்திவாரப் பகுதியைப் பாருங்கள். அப்புறம், கட்டும் முன் பதிவுபெற்ற பொறியாளரிடம் மண்ணைக் காட்டுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.