அந்த ஜெர்மன் கோட்டையில் எந்த இளவரசியும் தூங்கவில்லை

பனிமலைக்கு நடுவே வெள்ளைக் கோட்டை. "900 வருடப் பழமை. தூங்கும் அழகி இளவரசி நிஜமாகவே வாழ்ந்த அரண்மனை" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் நிஜம்தான், கதைதான் தவறு. தூங்கும் அழகி (ஸ்லீப்பிங் பியூட்டி) பழைய தேவதைக் கதையில் வரும் இளவரசி, நிஜ ஆள் இல்லை.

அது ஜெர்மனியின் தெற்கிலுள்ள பவேரியா மாநிலத்தின் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை. முன்பு அங்கிருந்த பழைய கோட்டை இடிபாடுகளை அகற்றிவிட்டு, பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கியது. அதற்கு முதலில் படம் வரைந்தவர் நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டும் ஓவியர்! சினிமா செட் மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. உள்ளே குழாயில் தண்ணீர், வேலையாட்களைக் கூப்பிட மின்சார மணி எல்லாம் உண்டு. சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் மட்டும் கிடையாது; அதைச் செய்வதற்குள் 1886இல் மன்னர் இறந்துவிட்டார். அடுத்த சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள்.

சரி, டிஸ்னிக்கும் இந்தக் கோட்டைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? அது உண்மை. 1955இல் திறந்த கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் பூங்காவின் 'தூங்கும் அழகி' கோட்டைக்கு இது ஒரு முன்மாதிரி. டிஸ்னியின் தூங்கும் அழகி கார்ட்டூன் படம் வந்ததோ 1959இல்தான்.

பவேரிய அரண்மனை நிர்வாகத்தின் இணையதளத்திலேயே கட்டிய வரலாறு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.