கண்ணப்பர் கதைக்கு நியூசிலாந்து எதுக்கு?
2025ல வந்த தெலுங்குப் படம் கண்ணப்பா பத்தின உங்க விமர்சனத்துல பிரம்மாண்டம் பிரம்மாண்டம்னே எழுதிருக்கீங்க சார், நியூசிலாந்து லொகேஷன் அழகுதான் ஒத்துக்கறேன், ஆனா கதை நடக்கறது ஆந்திராவுல இருக்கற காளத்தி (காளஹஸ்தி) மலையும் அங்க ஓடற பொன்முகலி ஆறும்தானே, அந்த வெயிலும் பாறையும் எங்க? பெரியபுராணத்துல திண்ணன், அதான் பின்னால கண்ணப்பர் ஆன வேடன், ஒரு கைல வில்லு ஒரு கைல கறி, அதனால ஆத்துத் தண்ணிய வாயிலயே கொண்டாந்து சாமி மேல உமிழறாரு, தலையில சொருகுன பூவத்தான் சாத்தறாரு, கறிய பல்லால அதுக்கிப் பாத்து நல்லதா எடுத்து வைக்கறாரு. இதுக்கெல்லாம் கிராபிக்ஸ் எதுக்குங்க, நல்ல நடிகர் ஒருத்தர், ஒரு க்ளோசப், முடிஞ்சுது. 1954ல கன்னடத்துல ராஜ்குமார் ஹீரோவா வந்ததே இந்தக் கதைலதான், அதுவும் கருப்பு வெள்ளைல! அங்க பூசை பண்ற சிவகோசரியார் ஒளிஞ்சு நின்னு பாக்க, ரத்தம் வழியற சாமி கண்ணுக்குத் தன் ஒரு கண்ணப் பிடுங்கி அப்புன திண்ணன், சாமியோட ரெண்டாவது கண்ணுக்கு அடையாளம் வேணும்னு லிங்கத்து மேல கால ஊனுறாரே, அந்த சீன்லயாவது பின்னணி இசைய கொஞ்சம் நிறுத்தக்கூடாதா?