தெகாவின் நடனச் சிறுமி: வார்த்தவர் பெயரையும் எழுதுங்கள்

பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகாவின் 'பதினான்கு வயது நடனச் சிறுமி' வெண்கலச் சிலையின் படத்தை யார் பகிர்ந்தாலும் கீழே 1881 என்று போடுகிறார்கள். அது தவறு. தெகா உயிரோடு இருந்தவரை தான் செய்த சிற்பம் ஒன்றைக்கூட வெண்கலத்தில் வார்க்கவிடவில்லை. 1881-இல் பாரிஸில் அவர் காட்சிக்கு வைத்தது மெழுகு உருவம். அதில் நிஜ முடி, துணி ரவிக்கை, துணிக் காலணி, பாவாடை எல்லாம் இருந்தன. கைகளுக்குள் பழைய தூரிகைக் காம்புகளை முட்டாகச் செருகியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. அந்த மூலம் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நாம் பார்க்கும் வெண்கலங்கள் 1922 முதல் பாரிஸின் எப்ரார் வார்ப்பகத்தில் பிறந்தவை. தெகா இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வார்த்தவர் அல்பினோ பலாட்சோலோ.

அவர் கைவேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேலேயே வண்டல் மண் பூசி, சூடேற்றி, மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அந்த மெழுகு உருவம் திரும்பி வராது. தெகாவின் உருவங்களை அப்படிப் பலிகொடுக்க முடியாது. எனவே பலாட்சோலோ மூலத்தின் மேல் ஜெலட்டின் அச்செடுத்து, அதில் புது மெழுகுப் பிரதி செய்து, அந்தப் பிரதியைத்தான் உருக்கி வெளியேற்றினார். சிறிய உருவங்களுக்கு முதலில் ஓர் ஆதார வெண்கலம் வார்த்து, விற்பனைப் பிரதிகளை அதிலிருந்து எடுத்தார்கள். அந்த ஆதாரத் தொகுதி கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதில்தான் போலியைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது. வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். விற்பனைப் பிரதியின் மேல் மறுபடி அச்செடுத்து வார்த்தால் இன்னொரு சுற்று சுருங்கும், விரல் தடங்களும் மழுங்கும். வார்ப்பக முத்திரையும் பிரதியை அடையாளம் காட்டப் பொறித்த எழுத்தும் அச்சில் அப்படியே இறங்கிவிடும் என்பதால் அவற்றை மட்டும் நம்பக்கூடாது. மூக்கு நுனியிலிருந்து குதிகால் வரை, முழங்கையிலிருந்து முழங்கை வரை என்று உறுதியான புள்ளிகளுக்கு இடையே காலிப்பர் (இடைவெளி அளக்கும் கருவி) வைத்து, நம்பகமான பிரதியின் அளவோடு ஒப்பிடுங்கள். பீடத்தைச் சேர்த்து உயரம் அளந்தால் ஒன்றும் தெரியாது.

வெண்கலத்தில் முடியும் ரவிக்கையும் உலோகமாகிவிட்டன. துணியாக மிஞ்சியது பாவாடையும் தலை ரிப்பனும் மட்டுமே. துணி நைந்துபோகும், மாற்றித்தான் ஆகவேண்டும். அதனால் ஒரு அருங்காட்சியகத்தில் பாவாடை தொடையோடு நிற்கிறது, இன்னொன்றில் முழங்காலைத் தொடுகிறது. சிறுமியின் நிற்கும் தோரணையே மாறித் தெரிகிறது.

விவரப் பலகையில் மெழுகு உருவத்தின் ஆண்டு, வார்ப்பு ஆண்டு, பலாட்சோலோவின் பெயர், இப்போதுள்ள பாவாடை எப்போது தைத்தது என்ற நான்கும் வேண்டும். படம் பகிர்பவர்கள் முதல் மூன்றையாவது எழுதுங்கள்.