ஒரு துணைக்கால் போட மூன்று வாரம்

(சென்னை, துரைப்பாக்கம். சாலையோர டீக்கடை. மாலை நாலரை மணி.)

அண்ணாச்சி: வாங்க தம்பி! என்ன, முகம் இப்படிக் கிடக்கிறது?

தினேஷ்: எங்கள் ஆப்பில் ‘தொகை’ என்பது ‘தெகை’ என்று வந்துவிட்டது அண்ணாச்சி. ஒரு துணைக்கால் போட வேண்டும். மூன்று வாரமாக மீட்டிங் நடக்கிறது.

அண்ணாச்சி: முன்பெல்லாம் இந்த பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து, வாயில் வடையோடு முடித்துவிடுவீர்களே?

தினேஷ்: அப்போது நாங்கள் 5 பேர். யார் யாரோடு பேசினாலும் 10 ஜோடிதான். இப்போது 50 பேர். 1,225 ஜோடி!

அண்ணாச்சி: அடேயப்பா, எந்த மண்டபம் தாங்கும்?

தினேஷ்: ஆள் கூடக் கூடச் சட்டமும் கூடுகிறது. 10 பேர் ஆனால் பாலியல் தொல்லைப் புகார்க் குழு, 20 ஆனால் பி.எஃப்., 50 ஆனால் குழந்தைகள் காப்பகம்.

அண்ணாச்சி: எல்லாம் நல்லதுதானே?

தினேஷ்: யார் இல்லை என்றது? 5 பேராக இருந்தபோது பி.எஃப். என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்தக் காப்பகத்தைத் தாண்டும்போதுதான் பொறாமையாக இருக்கிறது. அங்கே மதியம் தூங்க விடுகிறார்கள்.

அண்ணாச்சி: கூட்டத்தைக் குறைக்க வழியே இல்லையா?

தினேஷ்: இரண்டு பீட்சாவில் பசியாறாத அளவுக்குக் குழு பெருகக் கூடாது என்பது அமேசானின் ஜெஃப் பெசோஸ் வைத்த விதி. எங்கள் மேனேஜரும் அதைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி: குழுவைப் பிரித்தாரா?

தினேஷ்: மூன்றாவது பீட்சா வாங்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்.

அண்ணாச்சி: என் கதை தெரியுமா? முன்பு உங்கள் முதலாளியே வந்து, சட்டைப்பையிலிருந்து டீக்காசை எண்ணிக் கொடுப்பார். இப்போது ‘வெண்டர் கோடு’ என்று ஒரு பதிவு எண் வேண்டுமாம். மூன்று வருட வரவு செலவுக் கணக்கு கேட்டார்கள். பால்காரர் பாக்கி நோட்டைக் கொடுத்தனுப்பினேன்.

தினேஷ்: ஏற்றுக்கொண்டார்களா?

அண்ணாச்சி: சீல் இல்லையாம். திருப்பிவிட்டார்கள்.

தினேஷ்: சரி, விடுங்கள். ஒரு டீ, இஞ்சி தூக்கலாக.

அண்ணாச்சி: இஞ்சியா? கந்தன்சாவடியில் இரண்டாவது கடை போட்டதிலிருந்து அது நம் பையன் பொறுப்பு. அவனைக் கேட்காமல் இங்கே ஒரு துண்டு தட்ட முடியாது. போன் போடுகிறேன், உட்காருங்கள்.

தினேஷ்: எவ்வளவு நேரம் ஆகும்?

அண்ணாச்சி: அவன் மீட்டிங்கில் இருக்கிறான் தம்பி.