எண்ணத் தெரியாதவர்களாம்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மேடையில் சொல்லப்பட்ட அந்த ஒரு வரியை நேற்றிலிருந்து சிரிப்புப் பொம்மைகளோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்களே, அதன் பிறகும் எப்படிச் சும்மா இருப்பது? "ஒன்று, இரண்டுகூட எண்ணத் தெரியாத ஜனங்கள்" என்றதும் அரங்கமே சிரித்தது. சிரிக்கப்பட்டவர்கள் பிரேசிலில், மைசி ஆற்றங்கரையில் வாழும் சில நூறு பிரஹா மக்கள்.

அவர்கள் மொழியில் எண்ணுப்பெயர்கள் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. பத்துப் பொருள்களை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தபோது, 'ஒன்று' என்று ஆய்வாளர்கள் முன்பு கருதியிருந்த சொல்லை, ஆறு பொருள்கள் மிச்சமிருக்கும்போதே சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்கிறது 2008இல் வெளியான ஆய்வு. ஆனால் அதே ஆய்வில், நூல்கண்டுகளை வரிசையாக வைத்து அத்தனை பலூன்களை எடுத்து வைக்கச் சொன்னபோது, வரிசை கண்ணெதிரே இருந்தவரை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே வைத்தார்கள். அதை மறைத்த பிறகு தடுமாறினார்கள். அளவை நினைவில் பிடித்துவைக்கும் சொல்தான் அவர்களிடம் இல்லை. அறிவு இல்லாமல் போகவில்லை.

பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறியதற்காக ஒரு பாடவேளை முழுவதும் பெஞ்சின் மேல் நின்றவன் நான். அன்று கேட்ட சிரிப்பும் ஞாயிற்றுக்கிழமை கேட்ட சிரிப்பும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. இதைச் சொன்னால் 'சொந்தக் கதை' என்பீர்கள். ஆமாம், சொந்தக் கதைதான்.

'அப்படியானால் படிப்பே வேண்டாமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. நான் சொல்லாததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? 'எண்ணத் தெரியாததால் வியாபாரிகளிடம் ஏமாறுகிறார்களே' என்பது மட்டும் நியாயமான கேள்வி. அந்தச் சந்தேகம் அவர்களுக்கே இருந்தது. பிரேசில் கொட்டை வாங்க வரும் படகு வியாபாரிகளை நம்ப முடியாமல், 1980இல் அவர்களோடு தங்கி மொழியை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் டேனியல் எவரெட்டிடம் எண்ணக் கற்றுத்தரச் சொல்லி அவர்களே கேட்டார்கள். எட்டு மாதம் மாலை வகுப்புகள் நடந்தும் ஒருவர்கூடப் பத்து வரை எண்ணக் கற்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சங்கடமாக இருந்தாலும்.

ஆனால் அந்த எவரெட் 1977இல் அங்கே போனது கிறிஸ்தவ மதப் பிரசாரகராக. 'நீ இயேசுவைப் பார்த்திருக்கிறாயா?' என்று அவர்கள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கடைசியில் மதத்தை விட்டவர் அவர்தான். எண்ணத் தெரியாதவர்கள் கேட்ட கேள்வி இது!

வேட்டைக்குப் போகும் ஆண்கள் சீட்டியொலியிலேயே பேசிக்கொள்ளும் மொழி அது. தங்கள் மொழியை 'நேரான தலை' என்றும் பிறர் மொழிகளைக் 'கோணல் தலை' என்றும் பொருள்படக் குறிப்பிடுகிறார்கள். ஞாயிறன்று ஆடிக் குலுங்கிய தலைகளில் மூன்று என் நெருங்கிய நண்பர்களுடையவை. நான் எண்ணித்தான் சொல்கிறேன்.