டாரத்தி டான்ட்ரிஜ் பற்றி இன்னும் கொஞ்சம்

ஹாலிவுட்டின் கறுப்பின நடிகை டாரத்தி டான்ட்ரிஜைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவருடைய அழகைப் பற்றியே அதிகம் பேசுகிறது. அவர் பட்ட பாட்டையும் சொல்லியிருக்கலாம். சின்ன வயதிலேயே அக்கா விவியனோடு ஊர் ஊராக மேடையேறிப் பாடி ஆடி வளர்ந்தவர். 1954இல் வந்த 'கார்மென் ஜோன்ஸ்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது. சரி, அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் அவர் திறமைக்கேற்ற வேடங்கள் அதிகம் வரவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவரே நல்ல பாடகி. ஆனாலும் அந்தப் படத்தில் அவருக்குப் பாட்டுக் குரல் கொடுத்தது ஓபரா பாடகி மர்லின் ஹோர்ன். 1965இல் இறந்தபோது வயது 42தான். 2002இல் கறுப்பின நடிகை ஹாலி பெர்ரி அதே விருதை வாங்கி, முதலில் டாரத்தியின் பெயரைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.